பெயர்ச்சீட்டு இல்லாத ஆர்க்கிட்: வளர்ப்பும் அடையாளமும்

பெயர்ச்சீட்டு இல்லாத ஆர்க்கிட் மூன்று வழிகளில் வீட்டுக்கு வருகிறது. நர்சரியில் "வயலட்", "வெள்ளை" என்று நிறத்தை மட்டும் சொல்லி விற்கப்படுவது ஒன்று. கிரகப்பிரவேசத்துக்கோ பிறந்தநாளுக்கோ பூவோடு வந்து சேரும் பரிசுத் தொட்டி இன்னொன்று. பக்கத்து வீட்டில் பிரித்துக் கொடுத்த கன்றும், புயலில் முறிந்த கிளையோடு தரையில் விழுந்த செடியும் மூன்றாவது. சென்னையின் தென்புறநகரான தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் வட்டாரத்து வீடுகளில் இந்த மூன்று வகையையும் பார்க்கலாம்.

செடியை உயிரோடு வைத்திருக்கவும் பூக்க வைக்கவும் முழுப்பெயர் தேவையில்லை. எந்தப் பேரினம் என்று தெரிந்தால் எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர், என்ன தொட்டி என்பது தெரிந்துவிடும். பேரினத்தைப் பூ இல்லாத நாளிலேயே தண்டு, இலை, வேர் மூன்றையும் வைத்துச் சொல்லிவிடலாம். இனத்தின் பெயரும் கலப்பினத்தின் பெயரும் பூ வந்தபிறகு தேட வேண்டியவை. அந்த வரிசையிலேயே இந்த அத்தியாயம் செல்கிறது: முதலில் பேரினம், பிறகு வளர்ப்பு, கடைசியில் பெயர்.

ஆர்க்கிட்தானா?

"ஆர்க்கிட் மரம்" என்று விற்கப்படும் மந்தாரை ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது அவரை, புளி ஆகியவற்றின் உறவு. பூவின் சாயலால் வந்த பெயர் அது. மரக்கிளையில் தொற்றி வளர்வதெல்லாம் ஆர்க்கிட் என்றும் கொள்ள முடியாது. மாமரத்திலும் வேம்பிலும் தழைக்கும் புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. அது சேரும் இடத்தில் கிளை முண்டு கட்டி வீங்கியிருக்கும். தொற்று ஆர்க்கிட் பட்டையின் மேல் வேரைப் படரவிட்டு உட்கார்ந்திருக்கும்; மரத்தின் சாற்றைத் தொடாது. அதன் வேரைப் பட்டையிலிருந்து மெல்ல உரித்தெடுக்க முடியும்.

உறுதியான அடையாளம் வேர்தான். தொற்று ஆர்க்கிடின் வேரைச் சுற்றி வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. பள்ளித் தாவரவியல் பாடத்தில் தொற்று வேருக்கு வாண்டாவை உதாரணம் காட்டுவது இந்த உறைக்காகத்தான். காய்ந்த வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், விட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகும். உறை தண்ணீரைக் குடித்ததும் உள்ளே உள்ள பச்சைத் திசு வெளியே தெரிவதால் வரும் மாற்றம் அது. இந்தச் சோதனை தரை ஆர்க்கிடுகளுக்குப் பொருந்தாது. அவற்றின் வேர் மண்ணுக்குள் இருக்கும்.

பூ இல்லாமல் பேரினம் காணுதல்

முதலில் பார்க்க வேண்டியது செடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பது. சில ஆர்க்கிடுகளில் ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். புது இலை எப்போதும் உச்சியில்தான் வரும். இது நுனி வளர்ச்சி. மற்றவற்றில் ஒரு தண்டு முற்றி நின்றுவிடும்; அடுத்த தண்டு அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும். வாழைக்குப் பக்கக்கன்று வருவதுபோல வரும் இது பக்க வளர்ச்சி. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கீழ்க்கண்ட குறிப்புகள் போதும்.

1. நுனி வளர்ச்சி, குறுகி நீண்ட இலைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே, தண்டின் பக்கத்திலிருந்து பென்சில் தடிமனில் வேர்கள் அந்தரத்தில் தொங்கும்: வாண்டா. தண்டு இன்னும் உயரமாக, இலைகள் இடைவெளி விட்டு இருந்தால் மொகாரா, அராண்டா போன்ற வாண்டா உறவுக் கலப்பினங்கள்.

2. நுனி வளர்ச்சி, ஆனால் தண்டு கண்ணுக்கே தெரியாது, உள்ளங்கை அகலத்துக்குச் சதைப்பற்றான இலைகள் நான்கைந்து மட்டும்: ஃபலனாப்சிஸ். பரிசாக வரும் தொட்டிகளில் அதிகம் காணப்படுவது இது.

3. பக்க வளர்ச்சி, கரும்பு போலக் கணுக்கணுவாகத் தண்டுகள், மேற்பாதியில் இலைகள்: டென்ட்ரோபியம். நர்சரிகளில் "ஆர்க்கிட்" என்று மட்டும் சொல்லித் தந்தால் பெரும்பாலும் இதுதான்.

4. பக்க வளர்ச்சி, தட்டையான முட்டை வடிவக் குமிழ், அதன் தலையில் மெல்லிய இலை ஒன்றோ இரண்டோ: ஆன்சிடியம்.

5. பக்க வளர்ச்சி, அடி சிறுத்து மேலே பருத்த தண்டு, உச்சியில் தோல் போல் தடித்த இலை ஒன்றோ இரண்டோ: கேட்லியா.

6. மண்ணில் வளர்வது, தென்னம்பிள்ளையின் விரியாத முதல் இலைபோல மடிப்பு மடிப்பாக இலை: ஸ்பத்தோகுளோட்டிஸ். "கிரவுண்ட் ஆர்க்கிட்" என்று விற்பது இதைத்தான்.

7. நாணல் போல் வளைந்த இலைக்கொத்து; அடியில் குமிழ்: சிம்பிடியம். மலைப்பிரதேசத்துப் பெரும்பூக் கலப்பினங்கள் சமவெளியில் இலையோடு நின்றுவிடும். தடித்த இலையும் தொங்கும் பூங்கொத்தும் கொண்ட சிம்பிடியம் அலோய்ஃபோலியம் வெப்பம் தாங்கும்.

டென்ட்ரோபியம் என்று முடிவானால் இன்னொரு படி உண்டு. பழைய தண்டில் காய்ந்த பூக்காம்பின் தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உச்சிக் கணுக்களில் மட்டும் இருந்தால் வெப்பம் விரும்பும் வகை, சென்னைக்குப் பொருத்தமானது. தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு தழும்பு இருந்தால் டென்ட்ரோபியம் நோபிலி வகை. இதற்குக் குளிரும் வறட்சியுமான ஓர் ஓய்வுக்காலம் வேண்டும். தாம்பரத்தில் அது கிடைப்பதில்லை. ஆகவே பூ வர வேண்டிய கணுக்களில் வேரோடு குட்டிச் செடிகள் முளைக்கும்.

ஒரு தொட்டியைப் படித்தல்

ஓட்டை போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து தண்டுகள் உள்ள ஒரு செடியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்க ஓரத்தில் இருக்கும் இரண்டு தண்டுகள் இலையின்றிச் சுருங்கி, மேல்தோல் வெள்ளைக் காகிதம்போல் காய்ந்திருக்கின்றன. உச்சியில் இரண்டு மூன்று காய்ந்த காம்புத் துண்டுகள். நடுவில் உள்ள இரண்டு தண்டுகளும் இலையோடு பருத்திருக்கின்றன. மறு ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு புதுத் தளிர். அதன் உறையில் கருஞ்சிவப்புச் சாயம். அடியில் பச்சை நுனியோடு வேர்முனைகள் எட்டிப் பார்க்கின்றன.

தண்டுகள் ஒரு வரிசையில் பழசிலிருந்து புதுசு நோக்கி நகர்வதால் பக்க வளர்ச்சி. கணுத்தண்டு இருப்பதால் டென்ட்ரோபியம். காம்புகள் உச்சியில் மட்டும் இருப்பதால் வெப்ப வகை. தளிரில் சிவப்புச் சாயம் இருப்பதால் பூ ஊதா, இளஞ்சிவப்பு வரிசையில் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை, பச்சைப் பூ பூக்கும் செடிகளின் தளிர் பெரும்பாலும் சுத்தப் பச்சையாக இருக்கும். புது வேர் இப்போதுதான் கிளம்புவதால் தொட்டி மாற்ற இதுவே நேரம். இலையில்லாத பழந்தண்டுகளை வெட்டக் கூடாது. அவை நீரும் உணவும் சேர்த்து வைத்த கிடங்கு. சில சமயம் அவற்றிலிருந்தே மீண்டும் பூக்காம்பு வரும். மஞ்சளாகிக் கூழான தண்டை மட்டும் நீக்கினால் போதும்.

தொட்டியும் நிரப்புப் பொருளும்

புதுச்செடியை வாங்கியதும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் இலை அடியிலும் தண்டின் உறைக்குள்ளும் ஒளிந்து வரும்.

தொற்று ஆர்க்கிடுக்குத் தோட்ட மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் ஆகாது. இவை தண்ணீரைப் பிடித்து வைத்துக் காற்றை அடைத்துவிடும். வேர் சில வாரங்களில் பழுப்பாகிக் கூழாகும். நர்சரித் தொட்டியின் நடுவே நார்க்கழிவோ பாசியோ உருண்டையாக இருப்பது உண்டு. தொட்டி மாற்றும்போது அதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைத்து நன்றாக உழைக்கும் கலவை கட்டைக்கரியும் ஓட்டுச்சில்லும். இஸ்திரி வண்டிக்காரர் வாங்கும் கரியே போதும். இரண்டு மூன்று செ.மீ. துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, ஒரு நாள் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஓட்டுச்சில்லுக்குப் பதிலாகச் செங்கல் துண்டும் போடலாம். தேங்காய் மட்டைத் துண்டுகள் கோடையில் ஈரம் காக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகும். ஆகவே மழை நேரே விழும் இடத்தில் மட்டையைத் தவிர்த்து, மழை படாத பால்கனியில் மட்டும் கால் பங்கு சேர்க்கலாம்.

தொட்டி பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண் தொட்டியாகவோ பிளாஸ்டிக் கூடையாகவோ இருக்கலாம். செடிக்குத் தேவைப்படுவதைவிடப் பெரிய தொட்டி கேடு. செடியின் அடி கரிக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் தளிர் அழுகும். புது வேர் கரியைப் பற்றும்வரை தண்டை ஒரு குச்சியோடு துணிக்கீற்றால் கட்டி வைப்பது நல்லது. ஆடும் செடி வேர்விடாது. வாண்டாவுக்கு நிரப்புப் பொருளே வேண்டாம். வெறும் மரக்கூடையில் வைத்துத் தொங்கவிட்டால் வேர் காற்றில் இறங்கிக்கொள்ளும். ஸ்பத்தோகுளோட்டிஸ் மட்டும் மணல் கலந்த இளக்கமான மண்ணில் வளரும்.

வெயில்

தென்புறநகரின் சிக்கல் வெளிச்சக் குறைவால் வருவதில்லை. வெப்ப மிகுதியால் வருகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் தாம்பரத்துக்குக் கடற்காற்று வந்துசேர நேரமாகும். மொட்டை மாடித் தளத்தின் சூடு தொட்டியின் அடியிலிருந்தும் ஏறும். எனவே தொட்டிகளைத் தரையில் வைக்காமல் கம்பிச் சட்டத்தின் மேலோ தொங்கலிலோ வைக்க வேண்டும்.

வாண்டாவுக்கும் டென்ட்ரோபியத்துக்கும் 50 சதவீத நிழல்வலை, ஃபலனாப்சிஸுக்கு 75 சதவீத வலை என்பது மொட்டை மாடிக்கு ஏற்ற கணக்கு. பத்து மணிவரை வெயில் வரும் கிழக்குப் பால்கனியில் டென்ட்ரோபியத்துக்கு வலை தேவைப்படாது. மேற்குப் பால்கனியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வலை கட்டாயம். இலையே அளவுகோல்: கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை, செடி தழைக்கும், பூக்காது. இளம்பச்சை சரியான அளவு. வெளுத்த திட்டு விழுந்து பிறகு பழுப்பானால் வெயில் சுட்டிருக்கிறது. நண்பகலில் இலையைத் தொட்டுப் பார்த்தால் கைக்குச் சுடக் கூடாது.

தண்ணீரும் உரமும்

புறநகரின் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அது ஆவியானபின் வேரிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்காகப் படியும், வேர்நுனி கருகும். மழைநீர் முதல் தேர்வு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னையின் ஈரப்பதத்தில் ஓர் இரவுக்கே பல லிட்டர் சேரும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்து விடும் தண்ணீர் எதிர்மாறானது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை ஆர்க்கிடுக்கு ஊற்றக் கூடாது. நாள்தோறும் ஊற்ற உப்புத் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் தொட்டி வழிய வழியக் கழுவிவிட வேண்டும்.

ஊற்றும் நேரம் காலை. கோடையில் நண்பகல் கடந்து குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியின் கொதிநீர்தான் முதலில் வரும்; அது வேரை அவித்துவிடும். எவ்வளவு என்பதற்கு வேரே விடை: வெள்ளையானால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் பொறுக்கலாம். தொங்கும் வாண்டாவுக்குக் கோடையில் காலை மாலை இரு வேளையும், கரித்தொட்டி டென்ட்ரோபியத்துக்குத் தினம் ஒரு வேளையும், ஃபலனாப்சிஸுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையும் பொதுவான அளவு. மாலையில் ஊற்றினால் இருட்டுவதற்குள் இலை காய வேண்டும். ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் உடனே பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

உரக்கடைகளில் கிடைக்கும் 19:19:19 கலப்பு உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். மாதத்தில் ஒரு வாரம் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் விட வேண்டும். வறண்ட வேரில் உரம் படக் கூடாது. முதலில் நனைத்து, பிறகு உரம். புதிதாகத் தொட்டி மாற்றிய செடிக்கும் அழுகல் கண்ட செடிக்கும் உரம் வேண்டாம்.

மழையும் புயலும்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையிலும் கரித்தொட்டியில் தண்ணீர் நிற்காது என்பதுதான் அந்தக் கலவையின் பலன். ஆனால் நாள்கணக்கில் காயாத இலையில் அழுகல் நோய் ஏறும். நீர் கோத்ததுபோல் தோன்றும் புள்ளி ஒரே நாளில் பரவி நாற்றம் அடித்தால் அது பாக்டீரிய அழுகல். அந்தப் பகுதியை நல்ல திசு தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவி, ஒரு வாரம் நனையாமல் வைக்க வேண்டும். மழை தொடங்கும் முன்பே ஃபலனாப்சிஸைக் கூரைக்கடியில் சாய்த்து வைத்தால் குருத்தழுகல் வராது.

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் தொங்கும் கூடைகளை இறக்கி உள்ளே வைத்து, நிழல்வலையைச் சுருட்டிக் கட்ட வேண்டும். விரித்த வலை காற்றில் பாய்மரமாகிச் சட்டத்தையே தூக்கிவிடும்.

மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். ஃபலனாப்சிஸ் பூக்காம்பு விடுவதற்குச் சென்னையில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இந்தச் சில வாரங்கள். தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் அது காம்பு விடாமல் இலை மட்டும் விடும். இந்தக் காலத்தில் அதை அறைக்குள் அடைக்காமல் இரவுக்காற்று படும் பால்கனியில் வைக்க வேண்டும்.

பூச்சியும் நச்சுயிரியும்

மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். அதிகமானால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்போடு கரைத்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். கோடையில் இலை அடி வெள்ளிபோல் மினுங்கினால் சிலந்திப்பேன். அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதே முதல் மருந்து. நத்தை வேர்நுனியைத் தின்னும். மழை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதே வழி.

நச்சுயிரிக்கு மருந்து கிடையாது. சிம்பிடியம் மொசைக் நச்சுயிரி பல பேரினங்களைத் தொற்றும். ஒரே கத்தியால் செடிக்குச் செடி வெட்டும்போது பரவும். ஊர் பேர் தெரியாத செடிகளைச் சேர்க்கும் வீட்டில் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன் தீயில் காட்டுவது வழக்கமாக வேண்டும்.

பூ வந்தபின்

பூ விரிந்து மூன்று நான்கு நாள் கழித்து நிறமும் அளவும் நிலைபெறும். அப்போது ஐந்து படங்கள் எடுக்க வேண்டும்: முழுச்செடி, பூங்காம்பு கிளம்பும் இடம், பூவின் முகம், பக்கவாட்டு, பின்புறம். பூவின் அருகே ஒரு அடிக்கோலை வைத்து, காலை நிழலில், வெள்ளைத் தாள் பின்னணியில் எடுப்பது நல்லது. ஊதாவையும் நீலத்தையும் கைபேசிக் கேமரா மாற்றிக் காட்டும் என்பதால் நிறத்தைக் கண்ணால் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மணம் உண்டா, காலையிலா இரவிலா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

ஆர்க்கிட் பூவில் வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று என ஆறு இதழ்கள். உள்வட்டத்தில் ஒன்று மட்டும் உருமாறி உதடாகியிருக்கும். ஆணும் பெண்ணும் ஒன்றாக இணைந்த தம்பம் பூவின் நடுவில் நிற்கும். பேரினங்களைப் பிரிப்பதில் இந்த இரண்டுக்கும் பெரும்பங்கு உண்டு. டென்ட்ரோபியத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் கீழே மோவாய்போல ஒரு புடைப்பு. தம்பத்தின் அடியோடு பக்க இதழ்கள் சேர்வதால் வருவது. நம் ஊர் வாண்டா இனமான வாண்டா டெசெல்லேட்டாவின் உதட்டுக்குப் பின்னால் கூம்பாகச் சிறு குதிகால். ஆன்சிடியத்தில் உதடு மற்ற இதழ்களைவிடப் பல மடங்கு அகன்று பாவாடைபோல் விரியும். உதட்டின் அடியில் முண்டுமுண்டாக ஒரு மேடு.

சந்தேகம் தீராவிட்டால் மகரந்தத் திரளை எண்ணலாம். வாடப்போகும் பூ ஒன்றைத் தேர்ந்து, தம்பத்தின் நுனியில் உள்ள சின்ன மூடியைப் பல்குச்சியால் கீழிருந்து மெல்லத் தூக்கினால், மஞ்சள் மெழுகுத் துண்டுகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். டென்ட்ரோபியத்தில் நான்கு, ஒட்டும் பட்டை ஏதுமின்றி. வாண்டாவில் இரண்டு, ஒரு பட்டையும் பசைத்தட்டும் சேர்ந்து. கேட்லியாவில் நான்கு, ஸ்பத்தோகுளோட்டிஸில் எட்டு. திரளை எடுத்த பூ விரைவில் வாடிவிடும் என்பதால் ஒரு பூவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இயற்கை இனமா, கலப்பினமா?

இந்தியாவில் இயற்கையாக வளரும் ஆர்க்கிட் இனங்களை இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட பட்டியல் 1,256 என்று கணக்கிட்டது. மனிதர் உருவாக்கிப் பதிவுசெய்த கலப்பினங்களோ ஒரு லட்சத்துக்கு மேல். 1961 முதல் அவற்றின் பன்னாட்டுப் பதிவேட்டை லண்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் நடத்தி வருகிறது. நர்சரித் தொட்டி ஏறக்குறைய எப்போதும் கலப்பினமே.

இயற்கை இனத்தின் பெயரைப் பூவை அளந்தும் ஒப்பிட்டும் நிறுவ முடியும். கலப்பினத்தில் அது இயலாது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த விதைக்கன்றுகள் வெவ்வேறு நிறத்தில் பூக்கும். வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தவை அச்சாக ஒன்றுபோல் இருப்பதும் உண்டு. திசு வளர்ப்பில் ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்கப்படும் வணிக ரகங்களில் மட்டும் ஒப்பீடு ஓரளவு உதவும். கல்யாண மண்டப மேடைகளில் நிறையும் ஊதா வெள்ளைப் பூ பெரும்பாலும் டென்ட்ரோபியம் சோனியா. சீசர், டாமி டிரேக் என்ற இரண்டு கலப்பினங்களைச் சேர்த்து உண்டாக்கியது அது. ‘17’, ‘28’ என்ற எண்கள் அதிலிருந்து தேர்ந்தெடுத்த தனி ரகங்களைக் குறிக்கும். வீட்டுச் செடியின் பூ அப்படியே பொருந்தினாலும் "சோனியா போன்றது" என்றே எழுத முடியும். தொலைந்த கலப்பினப் பெயர் படத்தைப் பார்த்துத் திரும்பி வராது. வாங்கிய இடத்திலோ வளர்த்தவரின் ஏட்டிலோ கிடைத்தால்தான் உண்டு.

ஊர்ச்செடி: வாண்டா டெசெல்லேட்டா

நர்சரியில் வாங்காமல், பழைய மாமரத்திலோ புளியிலோ பனையிலோ இருந்து விழுந்த கிளையோடு கிடைத்த செடி என்றால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் வாண்டா டெசெல்லேட்டா. தமிழகச் சமவெளியின் வறட்சியைத் தாங்கி வளரும் வாண்டா இது. இலை குறுகி, நடுவில் வாய்க்கால்போல் குழிந்து, நுனி கடித்து எடுத்ததுபோல் ஒழுங்கற்ற பற்களோடு முடியும். பூ நான்கைந்து செ.மீ. அகலம், மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும், வெளிப்புறம் வெள்ளை, உதடு ஊதா, நல்ல மணம். ‘டெசெல்லேட்டா’ என்றாலே கட்டம் போட்டது என்று பொருள்.

வில்லியம் ராக்ஸ்பர்க் கோரமண்டல் கரைத் தாவரங்களைப் பற்றி 1795 முதல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதியில் இதற்கு வேறொரு பேரினப் பெயரிட்டு ஓவியத்தோடு பதிவு செய்தார். 1820-இல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்னும் பேரினத்தை நிறுவியபோது அதற்கு அடிப்படையானது இந்த இனமே. மரத்தில் தொற்றும் செடிகளுக்கான வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது ‘வாண்டா’. பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் வளரும் பெரும்பூ வாண்டாக்கள் எல்லாம் இந்தக் கரையின் சின்னக் கட்டப்பூவை முன்மாதிரியாகக் கொண்ட பேரினத்துக்குள் அடங்குகின்றன.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. அகம்பி பிரிமோர்சாவின் இலை இன்னும் தடிப்பு. பூ சிறியது, சதைப்பற்றானது, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகளோடு நெருங்கிய கொத்தாக வரும். வாண்டா டெஸ்டேசியாவின் பூ சிறிய மஞ்சள், உதடு நீலம் கலந்தது.

ஊர்ச்செடிகளில் தரையில் வளர்பவையும் உண்டு. இந்த வட்டாரத்து நன்மங்கலம் காப்புக்காடு அரிய தரை ஆர்க்கிடுகளுக்குப் பெயர் பெற்றது. யூலோஃபியா, ஹபனேரியா போன்ற தரை ஆர்க்கிடுகள் கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி மழையில் எழும்பும். தோண்டிக் கொண்டுவந்தால் தொட்டியில் பெரும்பாலும் பிழைக்காது. காப்புக்காட்டிலிருந்து எந்தச் செடியையும் எடுப்பது வனச்சட்டப்படி குற்றமும் ஆகும். காட்டு ஆர்க்கிடுகளை எடுத்து வந்து விற்பவரிடம் வாங்குவதையும் தவிர்க்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இயற்கை இனங்களை உயிரோடு ஒப்பிட்டுப் பார்க்க அருகில் உள்ள இடம் ஏற்காடு. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் அங்கே 1963 முதல் இயங்குகிறது. உலர்த்திய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டுமானால் கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் உள்ளது.

புதுச் சீட்டு எழுதுதல்

மார்க்கர் பேனாவின் மை மொட்டை மாடி வெயிலில் சில மாதங்களில் வெளுக்கும்; மெல்லிய பிளாஸ்டிக் சீட்டு ஒடியும். மென்மையான பென்சிலால் தடித்த பிளாஸ்டிக் சீட்டில் எழுதினால் நீண்டகாலம் நிற்கும். அதைவிட உறுதியானது குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய அலுமினியக் கீற்று. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும். ஓரங்களை மடித்துத் தொட்டியோடு கம்பியால் கட்ட வேண்டும். செடியைப் பிரித்துக் கொடுக்கும்போது சீட்டையும் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும்.

சீட்டில் உறுதியானதும் ஊகமும் கலக்காமல் இருக்க வேண்டும். மேலே படித்த தொட்டிக்கு, பூ வந்தபின் எழுத வேண்டிய சீட்டு இவ்வளவுதான்: டென்ட்ரோபியம், வெப்ப வகை, கலப்பினம், பெயர் தெரியாது, சோனியா போன்றது, பூ அகலம் இத்தனை செ.மீ., ஊதா, உதட்டடி வெள்ளை, மணமில்லை; வாங்கிய இடம்; வாங்கிய தேதி; முதலில் பூத்த மாதம்.